மண்டபத்துக்கு வரப்போகும் சமூகவியல் மாணவிக்கு

பிப்ரவரி பிறந்தால் எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. "அக்கா, நான் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். கடல் பாதுகாப்பில் கோடை விடுமுறைப் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்று ஆசை. விலங்கியல் படித்ததில்லை, நீச்சலும் தெரியாது. என்னை எடுத்துக்கொள்வார்களா?" சமூகப்பணி படிப்பவர்கள் எழுதுகிறார்கள், பொருளியல் படிப்பவர்கள் எழுதுகிறார்கள். தமிழ் இலக்கியம் படிக்கும் ஒரு பெண்கூட எழுதியிருந்தாள். இதுவரை தனித்தனியாகப் பதில் அனுப்பி வந்தேன். இந்த ஆண்டு எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை அளக்கவும் கடற்புல்லைக் கணக்கெடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பாறையை ஒட்டி வலை விரிப்பவர் ஏன் அங்கே விரிக்கிறார், விரிக்காதே என்று சொல்லிவிட்டால் அன்று மாலை அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று உட்கார்ந்து கேட்டு எழுதுகிறவர்கள்தான் குறைவு.

நான் ராஜபாளையத்துக்காரி. அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தார். கடலை முதலில் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில், திருச்செந்தூரில். எம்.ஏ. முடிக்கும் தறுவாயில், ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபத்துக்குப் பயிற்சிக்கு வந்தேன். பிறகு வேலையும் இந்தக் கரையிலேயே அமைந்துவிட்டது. இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களைக் கிராமங்களுக்கு அழைத்துப்போய் விடுவதும், அவர்கள் எழுதிக்கொண்டு வருவதைப் படிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. எனவே நான் சொல்வதெல்லாம் இந்தக் கரையிலிருந்து தெரிகிற விஷயங்கள்.

கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில், கரைக்கு அருகே வரிசையாக 21 தீவுகள் இருந்தன. பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் ஒரு காரணமாக, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986இல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாகத் தமிழக அரசு அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. பூங்காவின் எல்லை எப்படிப் போடப்பட்டது தெரியுமா? ஒவ்வொரு தீவைச் சுற்றியும் கரைப்பக்கம் 3.5 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழம் வரை, வெளிக்கடல் பக்கம் 5 பாகம் ஆழம் வரை. அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் இது அழகான கோடு. வள்ளத்தில் போகிறவருக்குக் கோடு தெரியாவிட்டாலும் பாகக் கணக்கு தெரியும். கயிற்றை இறக்கிப் பார்த்து, தரை மணலா சேறா பாரா (பாறையா) என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்களிடம் எல்லை போடுவதற்கு முன் யாராவது வந்து கேட்டார்களா? கேட்டார்கள் என்று சொல்லும் ஒருவரைக்கூட நான் இத்தனை காலத்தில் சந்தித்ததில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். கடல் பாதுகாப்பில் சமூக அறிவியலுக்கு உரிய இடம் எல்லை போடுவதற்கு முன்னால் இருக்கிறது. எல்லாம் முடிவான பிறகு மக்களைச் சமாதானப்படுத்த அனுப்பப்படும் ஆளாக நீங்கள் வரக் கூடாது. பல இடங்களில் சமூகவியல் மாணவர்களுக்கு ஒதுக்கப்படுவது அந்த வேலைதான். அதற்கு "விழிப்புணர்வு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஆமை வரையும் போட்டி, பதாகை பிடித்துக்கொண்டு ஒரு ஊர்வலம், கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கும்போது ஒரு புகைப்படம். இவற்றில் தவறு எதுவும் இல்லை, பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் இரண்டு மாதம் இதை மட்டும் செய்துவிட்டு வீடு திரும்பும் மாணவி, அந்த ஊரில் கடலுக்குப் போவது யார் என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் திரும்புகிறாள். எனக்கு அது மனம் பொறுக்காத விஷயம்.

கடலுக்குப் போவது யார் என்ற கேள்வியிலிருந்தே தொடங்கலாம். என் பயிற்சிக் காலத்தில் கையில் ஒரு வினாத்தாளைக் கொடுத்தார்கள். குடும்பத் தலைவர் பெயர், தொழில், மாத வருமானம், படகு உண்டா, வலை எத்தனை வகை. அதற்கடுத்து மனைவி பெயர், தொழில். முந்தைய ஆண்டு யாரோ நிரப்பி வைத்திருந்த தாள்களைப் படித்துக்கொண்டே வந்தேன். மனைவியின் தொழில் என்ற கட்டத்தில் "இல்லத்தரசி", "இல்லத்தரசி", "இல்லத்தரசி" என்று பக்கம் பக்கமாக இருந்தது. அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குப் போனபோது, முற்றத்தில் தார்ப்பாய் விரித்துக் கடற்பாசி காயப்போட்டிருந்தார்கள். இதை யார் எடுத்தது என்று கேட்டேன். "நான்தான் எடுத்தேன், வேறு யார் எடுப்பார்கள்?" என்றார் அந்த அக்கா. பின்னே ஏன் தாளில் இல்லை? "வந்த தம்பி வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அன்றைக்குத் தண்ணீருக்குள் கிடந்தேன்."

பாம்பன் சின்னப்பாலம் தொடங்கிக் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் வரை பாசி எடுக்கும் பெண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். விடியும் முன்பே வள்ளத்தில் ஏறித் தீவுகளை ஒட்டிய பாறைத் தரைக்குப் போகிறார்கள். விரல்களில் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசிக்குத்தான் நல்ல விலை. அகர் என்ற கூழ்மப்பொருளை எடுக்க மதுரை ஆலைகளுக்குப் போகிறது. கட்டக்கோரைக்கு விலை குறைவு, ஆனால் அதிகம் கிடைக்கும். கஞ்சிப்பாசியை உள்ளூரிலும் கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள். பாறை கிழித்த கை ஆறுவதற்குள் அடுத்த முறை உப்புத் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். காயம் படாத விரல்களை அந்த வீடுகளில் நான் பார்த்ததில்லை.

இந்தப் பெண்கள் பாசி எடுக்கும் இடத்தின் பெரும்பகுதி பூங்காவுக்குள் வருகிறது. அதனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் அத்துமீறி நுழைகிறவர்கள். வள்ளத்தை மறிப்பது, பையைப் பறிப்பது, அபராதம் போடுவது என்று அவர்கள் சொல்லும் கதைகள் முடிவதில்லை. வனத்துறைக்காரர்களின் பக்கமும் எனக்குத் தெரியும். சில ஆட்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நீளக் கரையைக் காக்கச் சொன்னால் அவர்களும் என்ன செய்வார்கள்.

ஆனால் எந்த அறிக்கையிலும் முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டிய விஷயம் வேறு. இந்தப் பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசித் தாங்களே விதி வகுத்திருக்கிறார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது. இரும்பால் சுரண்டி எடுப்பதைக் கைவிட்டுக் கையால் மட்டும் கிள்ளுவது, அடியை விட்டுவைப்பது, மீண்டும் தழைக்கட்டும் என்று. இது எந்த அரசிதழிலும் வெளிவந்த ஆணை கிடையாது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தபோதுதான் வெளியுலகம் இந்தப் பெண்களைத் திரும்பிப் பார்த்தது. தங்களுக்கும் மீனவர் என்ற அடையாள அட்டை வேண்டும் என்று அவர்கள் கேட்டு வந்தது அதற்கு வெகுகாலம் முன்பே.

பயிற்சிக்கு வரும் உங்களுக்கு இங்கே எவ்வளவு வேலை காத்திருக்கிறது பாருங்கள். அந்த 12 நாளை முடிவு செய்தது எந்தக் கூட்டம்? அதில் பேசியது யார், பேசாமல் உட்கார்ந்திருந்தது யார்? விடுப்பு நாளில் ஒருத்தி ரகசியமாகப் போய்விட்டால் என்ன செய்வார்கள்? கணவனை இழந்தவள், கடன் கழுத்தை நெரிக்கிறவள் என்றால் கண்டும் காணாமல் இருப்பார்களா? பக்கத்து ஊர்க்காரி வந்து எடுத்தால்? முன்பணம் கொடுத்த வியாபாரி நாளைக் கூட்டச் சொல்லி நெருக்குகிறாரா? இவற்றில் ஒரு கேள்விக்காவது முழுமையாகப் பதில் கண்டுபிடித்துவிட்டால், ஒரு பூங்காவை எப்படி நடத்தலாம் என்பதற்குக் கனமான விடை ஒன்று உங்கள் கையில் இருக்கும். மூத்தவர் ஒருவரிடம் விடுப்பு நாளைப் பற்றிக் கேட்டபோது, "எங்களுக்கு விடுப்பு கொடுப்பது தண்ணீர்தான், தாயி. அது கொடுக்கிற விடுப்போடு நாங்கள் கொஞ்சம் சேர்த்துக்கொண்டோம்" என்றார். பெருக்கும் வற்றமும் (கடல் ஏறுவதும் இறங்குவதும்) எப்போது, காற்று கச்சானா (மேல்காற்றா) வாடையா (வடகாற்றா) என்று தெரியாமல் அவர் சொன்னதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. கேட்டுத்தான் படித்தேன். நீங்களும் படிக்க வேண்டியிருக்கும்.

பாசியில் இன்னொரு வகை உண்டு. கப்பாபைகஸ் என்று அறிவியல் பெயர். பெப்சி நிறுவனம் 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் இதை இங்கே வளர்க்க ஊக்கம் கொடுத்ததால் ஊர்ப்பெயர் பெப்சிப் பாசி. மூங்கில் தெப்பம் கட்டி அதில் துண்டு துண்டாகக் கோத்து வளர்ப்பது. பாறையில் கையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம், சுய உதவிக் குழுவுக்கு வங்கிக் கடனும் கிடைக்கும் என்று வந்தது. 2008இல் குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் இது படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2013, 2014 வாக்கில் தெப்பங்களில் பாசி மொத்தமாக அழிந்தது. கடன் மட்டும் அழியவில்லை. இப்போது திருவாடானை வட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். உயிரியலாளர்கள் இந்தப் பாசி பவளத்துக்குக் கெடுதியா இல்லையா என்று வாதிடட்டும், அது அவர்கள் வேலை. தெப்பம் யார் பெயரில் இருக்கிறது, உழைப்பது யார், பாசி செத்தால் தவணை கட்டுவது யார், முன்பு இயற்கைப் பாசி எடுத்த பெண்கள் தெப்பத்துக்கு வந்துவிட்டார்களா அல்லது இரண்டையும் செய்கிறார்களா என்பது நம் வேலை. மாற்றுத் தொழில் கொடுத்துவிட்டோம், இனித் தீவுப்பக்கம் யாரும் போக மாட்டார்கள் என்று திட்ட அறிக்கையில் எழுதும் வரியை, வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. நான் போன வீடுகளில் இரண்டும் நடந்துகொண்டிருந்தன.

அடுத்து, மாணவிகள் யாரும் கேட்காத, ஆனால் நான் மிகவும் அக்கறைப்படும் விஷயம்: எப்போது வருவது என்பது. கல்லூரிகள் பயிற்சிக்கு ஒதுக்குவது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆக, ஆண்டுதோறும் கோடையில் வரும் மாணவர்கள் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும் கடலை மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த நாட்களில் ஆண்கள் வலை பின்னிக்கொண்டு, என்ஜினைப் பிரித்துப்போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசுவார்கள். பேட்டி எடுக்க அருமையான நேரம்தான். நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை என்பதால் சின்னத் தொழில் எப்படி நடக்கிறது என்றும் பார்க்கலாம். ஆனால் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே கடலில் நின்றால் என்ன ஆகும் என்பது கண்ணுக்குத் தெரியாது.

பாக் நீரிணைப் பக்கம், ராமேசுவரத்திலும் மண்டபத்திலும், வாரத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. பல ஆண்டு மோதலுக்குப் பிறகு பேசி முடித்த ஏற்பாடு இது. விசைப்படகு இழுத்துக்கொண்டு போன வலைக்கு யார் பணம் கொடுப்பது, அதை எந்தச் சங்கம் பேசி முடிப்பது என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது. சோழமண்டலக் கரையின் மீனவர் பஞ்சாயத்துகளைப் பற்றி ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து மார்ட்டென் பவிங்க் ஆண்டுக்கணக்காக ஆய்வு செய்தார், அரசுச் சட்டமும் ஊர்ச் சட்டமும் ஒரே கடலில் எப்படி உரசிக்கொள்கின்றன என்று. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழ்க் கரைக்கு வந்து செய்த வேலையை, ராமநாதபுரத்திலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் ஏன் தொடரக் கூடாது?

கடல் வெள்ளரி என்றும் சொல்லப்படும் கடல் அட்டை என்ற உயிரினத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் ஒருவர் சிறைக்குப் போகலாம். 2001இல் கடல் அட்டைகள் அனைத்தையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்குக் கொடுக்கும் பாதுகாப்பு. பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. அதற்கு முன்பு அட்டை குளித்துப் பிழைத்த குடும்பங்கள் கீழக்கரைப் பக்கமும் மண்டபம், வேதாளைப் பக்கமும் ஏராளம். கடலுக்கு அப்பால் இலங்கையில் அதே அட்டையை உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பண்ணை வைத்தும் வளர்க்கிறார்கள். தடை சரியா தவறா என்று நீங்கள் வந்த முதல் வாரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். உங்களிடம் ஒருவர் நம்பி எதையாவது சொல்லிவிட்டால், அதை உங்கள் நோட்டில் எப்படி எழுதப்போகிறீர்கள் என்பதை யோசியுங்கள்.

பெயரை எழுதாதீர்கள். ஊரை எழுதினால் தெருவை எழுதாதீர்கள். செல்போனில் பதிவு செய்வதற்கு முன் கேளுங்கள். "சரி" என்ற பிறகும் முகத்தைப் பாருங்கள். மீன்பிடி இடங்களை ஊர்க்காரர்களைக் கொண்டு வரைந்து வாங்கும் பழக்கம் இப்போது எல்லா நிறுவனங்களிலும் இருக்கிறது. நல்ல முறை, பெண்கள் வரையும் படமும் ஆண்கள் வரையும் படமும் ஒன்றாக இருக்காது என்பதை அதில்தான் நானே கண்டேன். ஆனால் அந்தப் படத்தில் ஜி.பி.எஸ். எண்ணைச் சேர்த்துக் கோப்பில் வைத்தால், அது நாளை யார் மேசைக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. அந்தக் கேள்விக்கு நிறுவனம் எழுத்தில் பதில் தராவிட்டால் எண்ணைச் சேர்க்காதீர்கள். பயிற்சிக்கு வந்தவள்தானே என்று தயங்க வேண்டாம். நோட்டு உங்கள் கையில் இருக்கிறது.

கடற்பசு விஷயம் இதற்கு நேர்மாறாக நம்பிக்கை தருவது. ஆவுளியா என்று இங்கே சொல்வார்கள். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டுகிறது, பரிசும் கொடுக்கிறது. அறுத்துவிட்ட வலையின் விலைக்கு அந்தப் பரிசு ஈடாகுமா, ஈடாகாவிட்டாலும் அறுக்கிறார் என்றால் எதற்காக அறுக்கிறார்? ஒரு மாணவியின் இரண்டு மாதப் பயிற்சிக்கு இந்த ஒரு கேள்வி போதும். பத்துப் பேரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதினால், நூறு வீட்டு வினாத்தாளை விட அது உதவும் என்பது என் எண்ணம். என்னோடு வேலை செய்யும் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. எண்ணிக்கை இருந்தால்தான் அலுவலகத்தில் மதிப்பார்கள் என்கிறார்கள். எண்ணிக்கைக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2010, 2016 ஆண்டுகளில் எடுத்த மீனவர் கணக்கெடுப்பு இருக்கிறது, அதை முதலில் படித்துவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்த நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் இந்த மண்டபம் முகாமில்தான் இருந்தது.

சந்திரிகா சர்மா என்ற பெயரையும் தெரிந்துகொண்டு வாருங்கள். மீன்தொழிலாளர்களுக்கு ஆதரவாகச் சென்னையிலிருந்து இயங்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் நிர்வாகச் செயலாளராக இருந்தவர். சிறிய அளவில் மீன் பிடிக்கும் மக்களின் உரிமைக்காக உலக நாடுகள் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வழிகாட்டு நெறி வேண்டும் என்று பல ஆண்டுகள் உழைத்தார். 2014 மார்ச்சில் காணாமல்போன மலேசிய விமானத்தில் அவரும் இருந்தார். அந்த ஆண்டு ஜூனில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு அந்த நெறிகளை ஏற்றுக்கொண்டது. பெண்கள் கரையில் செய்யும் வேலையும் மீன்பிடித் தொழில்தான் என்று அந்த நெறிகள் சொல்கின்றன. வினாத்தாளில் "இல்லத்தரசி" என்று எழுதப்போகும் ஒவ்வொரு கையையும் நிறுத்த அது எனக்கு உதவுகிறது.

இனிப் பணம். இதைத்தான் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பெரும்பாலான பயிற்சிகளில் உதவித்தொகை கிடையாது, அல்லது அறை வாடகைக்கே போதாத தொகை. விளைவாக வருகிறவர்கள் யார் என்று பார்த்தால், பெருநகரக் கல்லூரிகளிலிருந்து, வீட்டில் செலவுக்கு அனுப்பக்கூடியவர்கள். அவர்களில் அருமையான பிள்ளைகள் உண்டு. தமிழ் தெரியாமல் வந்து, மொழிபெயர்க்க ஒருவரை அமர்த்திக்கொண்டு கடுமையாக உழைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தங்கச்சிமடத்திலும் ஏர்வாடியிலும் பாசி எடுத்த காசில் பட்டப்படிப்பு முடித்த பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஏன் வருவதில்லை? இரண்டு மாதம் சம்பளமில்லாமல் இருக்க அவர்கள் வீட்டில் முடியாது. கடலின் பெருக்கும் வற்றமும் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவள் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அவள் ஊரைப் பற்றி எழுத நாம் வெளியிலிருந்து ஆள் அழைத்து வருகிறோம். பயிற்சிக்கு நிதி கொடுக்கும் நிறுவனங்களிடம் நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பது ஒன்றுதான்: இரண்டு பேரைக் குறைத்துக்கொள்ளுங்கள், மீதிப் பேருக்குக் கௌரவமான தொகை கொடுங்கள், அதில் பாதி இடம் கரையூர்ப் பெண்களுக்கு என்று எழுதுங்கள்.

சேர்வதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. தங்க இடம் எங்கே, இரவு பஸ் தவறினால் யாரை அழைப்பது, ஒரு பெண் மேற்பார்வையாளர் உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வள்ளத்தில் ஏறச் சொன்னால் உயிர்காப்பு உடுப்பு கேளுங்கள். கீழக்கரை வீடுகளுக்குப் போகும்போது முதலில் மூத்த லாத்தா (அக்கா) ஒருவரைத் துணைக்குப் பிடித்துக்கொண்டால் கதவுகள் திறக்கும். இதை எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அறிக்கை எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. நான் இப்போது எவர் வந்தாலும் கடைசி வாரத்தை இதற்கென்றே ஒதுக்கிவைக்கிறேன். எழுதியதைத் தமிழில் நான்கு பக்கத்துக்குச் சுருக்கி, எந்தத் தெருவில் கேட்டார்களோ அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சாயங்காலம், பாசி அள்ளி மூட்டை கட்டிய பிறகு. முதல்முறை இப்படி ஒரு மாணவி வாசித்தபோது, பாசி விலை பற்றிய பகுதியில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் குறுக்கிட்டார்கள். வியாபாரி எடையில் கழிக்கும் ஈரப் பிடித்தம் அதில் இல்லை என்றார்கள். அவள் அங்கேயே பேனாவை எடுத்துத் திருத்தினாள். இரண்டு மாதத்தில் யாரும் சொல்லாத பிடித்தக் கணக்கு அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. பாம்பனில் மீனவர்களே நடத்தும் கடலோசை வானொலி 2016 முதல் ஒலிபரப்பாகிறது. இந்த மாதிரிச் சுருக்கங்களுக்கு அதுவும் நல்ல இடம் என்பது என் ஆசை.

இந்த ஆண்டு எங்கள் பயிற்சி ஜூன் 8 அன்று தொடங்குகிறது. தடைக்காலத்தின் கடைசி நாட்களையும், தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டான டோக்கன் வாங்கக் கூடும் காலையையும் ஒருசேரப் பார்க்கட்டும் என்று கேட்டு வாங்கிய தேதி. கல்லூரி திறந்துவிடும் என்பவர்கள் துறைத் தலைவரிடம் இந்தப் பதிவைக் காட்டி அனுமதி கேளுங்கள், சிலர் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியல் வேண்டாம். தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் குறையும்போது மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதலில் விடுவது என்று முடிவு செய்வது யார், அந்த முடிவை மீறினால் என்ன நடக்கும் என்று விசாரித்து எழுதுங்கள். கண்மாய் இல்லாத ஊர் என்றால் தெருக்குழாய். மார்ச் மாதம் முழுவதும் காத்திருப்பேன்.